அலுமாரியில் வைத்த மூச்சு

கழுவிய சேலைன் போத்தலை வெயிலில் காயவைத்தால் ஒரு மணம் வரும். புது மழைச்சட்டையின் மணத்துக்குக் கிட்ட. அந்தப் போத்தலின் கழுத்தை வெட்டி, அடியில் துளையிட்டு மூச்சுக்கான மருந்துப் 'பம்'மைச் செருகி, மறுபக்கத்தைப் பிள்ளையின் வாயில் வைத்து அமத்தினால், 'புஸ்' என்று உள்ளே நிறையும் மருந்துப் புகையைப் பிள்ளை மெல்ல இழுத்துக்கொள்ளும். என் மகள் தர்சினி அந்த மணத்தோடுதான் வளர்ந்தாள். இளமைக்கால நினைவு எழுதுகிறவர்கள் தங்கள் பிள்ளைப் பருவத்தை எழுதுவார்கள். நான் அவளுடையதை எழுதுகிறேன். எழுதுவதற்கு அவள் இல்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், இடம்பெயர்ந்து வந்து விசுவமடுவில் குடியிருந்தோம். நான் விஞ்ஞான ஆசிரியன். தர்சினிக்குத் 'தொய்வு' என்கிற ஆஸ்துமா. கிடுகுக் கொட்டிலொன்றில் நடந்த சிறுவர் கிளினிக்குக்கு, அதுவரை பிள்ளை மூச்சுக்குத் திணறினால் மட்டுமே தூக்கிக்கொண்டு ஓடுவோம். புதிதாக வந்த டொக்டர் அம்மா அதை மாற்றினார். பிள்ளை சுகமாக இருக்கும்போதும் கூட்டி வரச் சொன்னார். "வருத்தமில்லாத பிள்ளைக்கும் மருந்தாம், வருத்தம் டொக்டருக்குத்தான்" என்று வரிசையில் நின்ற தாய்மார் சிரித்தார்கள்.

அவர்களுக்கு விளங்கப்படுத்தும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். நீலப் பம் மூச்சுமுட்டு வரும்போது அதைத் தணிக்க. மண்ணிறப் பம் முட்டு வராமல் தடுக்க, சுகமான நாளிலும் தவறாமல் இழுக்க வேண்டும் என்று பலகையில் வண்ணச் சோக்கால் எழுதி வைத்தேன். தர்சினி எனக்குத் துணை வாத்தியார். அழுகிற சின்னதுகளைப் பிடித்து இருத்தி, "சோடா குடிக்கிற மாதிரி இழு. ஊதாதை! ஊதினா மருந்து வெக்கப்பட்டுப் போத்திலுக்கை ஒளிச்சிடும்" என்பாள்.

பலகையில் எழுதியதை நான் வீட்டில் செய்யவில்லை.

போர்க்காலப் பொருள் தடையில், மருந்து லொறி வவுனியாவுக்கு இப்பால் வருவதும் வராததும் எங்கள் கையில் இல்லாத காலம் அது. சவர்க்காரத்தை நூலால் அறுத்துத் துண்டு துண்டாகப் பாவித்தோம். சீனியைத் தொட்டுக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தோம். அப்படிப் பழகிய கை, மண்ணிறப் பம்மையும் மிச்சம் பிடித்தது. கிளினிக்கில் மாதாமாதம் தந்ததை வாங்கி வந்து, பெரும்பாலும் பிரிக்காமலே அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

"டொக்டர் ஒவ்வொரு நாளும் எண்டெல்லோ சொன்னவா?" என்று மனைவி கேட்டாள்.

"லொறி வராட்டி அவா எங்காலை தரப்போறா?" என்றேன். பிறகு மகளைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கிறாய் பிள்ளை, இண்டைக்கு விடுவம்" என்பேன்.

"ஓம் அப்பா, எனக்குக் காணும்."

கேட்டதெல்லாம் கிடைக்காது என்று தெரிந்து வளர்ந்த பிள்ளை. இழுப்புத் தொடங்கினாலும் சொல்லாமல், வாசல் படலையடியில் போய்க் குந்தியிருந்து மூச்சை ஆற்றிக்கொண்டு வருவாள். அதை நான் கண்டிருக்கிறேன். கண்டும், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

மாசியில் அறுவடை முடிந்து அயல் வயலில் சூடடித்தார்கள். காலையில் பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டவள், வைக்கோல் தூசிக்குள்ளால் பாதி வழி போய்த் திரும்பி வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தடுப்பு மருந்தில்லாமல் முட்டு அடிக்கடி வந்ததில் நீலப் பம் தீர்ந்துகொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. அமத்தினால் வெறும் காற்று. அலுமாரியைத் திறந்தேன். அங்கிருந்த மண்ணிறப் பம் இந்த நேரத்துக்கு உதவாத மருந்து என்று பலகையில் எழுதிய எனக்குத் தெரியும். தெரிந்தும் உறையைக் கிழித்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "அப்பா... புதுசை... உடைக்காதேங்கோ."

சைக்கிள் பாரில் இருத்தி, மனைவி பின்னால் ஓடி வர, கிறவல் வீதியில் மிதித்தேன். அவளுடைய முதுகு என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு இழுப்பும் எனக்குள் கேட்டது. மதகைத் தாண்டியபோது கேட்கவில்லை. கிளினிக் கண்ணுக்குத் தெரிந்தது.

செத்தவீடு முடிந்த பிறகு, பிரிக்காத பம்களைக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்தேன். அவற்றையும் என்னையும் பார்த்தார். "இருங்கோ மாஸ்டர்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். நான் இருக்க, வரிசையில் நின்ற பிள்ளையைக் கூப்பிட்டு, அதிலொன்றை எடுத்து அதன் தாயின் கையில் கொடுத்தார்.

இன்று அந்தக் கொட்டில் இல்லை. அந்த இடத்தில் யாரோ வாழை வைத்திருக்கிறார்கள். சேலைன் போத்தலை வெட்டவும் வேண்டியதில்லை. வயது போன காலத்தில் எனக்கும் தொய்வு பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் மண்ணிறப் பம் தருகிறார்கள். தீர்ந்தால் இன்னொன்று தருகிறார்கள். காலையும் மாலையும் தவறாமல் இழுக்கிறேன். ஒரு நாளும் மிச்சம் பிடிப்பதில்லை. மார்பு திறந்து, நல்ல மூச்சு, தாராளமாக வருகிறது.