புளியங்கொட்டை எந்தக் கையில்?

பெரிய காய்ச்சலுக்குப் பிறகு என் மகள் செல்லம் இடக்கையை அசைத்ததே இல்லை.

இன்று ஹாலிஎலயிலிருந்து மாட்டுவண்டியில் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வண்டியில் கூட வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி புளியங்கொட்டையைக் கைக்குள் மறைத்து, "எந்தக் கையில இருக்கு, சொல்லு பாப்பம்?" என்றாள்.

செல்லம் வலக்கையால் அவள் விரல்களைப் பிரித்து எடுத்துவிட்டாள்.

அந்தப் பெண் கொட்டையை வாங்கி மறுபடி மறைத்தாள். "அக்கா, அந்த வலக்கையைப் புடிச்சுக்கங்க. அதுக்கு இன்னைக்கு வேலை இல்ல."

பிடித்துக்கொண்டேன். செல்லம் சிணுங்கினாள். பிறகு இடக்கை மெல்ல எழுந்து வந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தது.

நான் அழுதுவிட்டேன்.

"அழாதீங்கக்கா, பாப்பா பயந்துரும்."

அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தும் விளையாட்டு நிற்கவில்லை. இடக்கைக்கு வேறு விளையாட்டுத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் விரல்கள் பாவம்!