பிறத்தியார் சோறு

என் மாமியாரை நான் நேரில் பார்த்ததே இல்லை. மும்பைப் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் இருந்தார். யூதக் குடும்பம். மகன் கடலூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து, சிதம்பரத்துப் பெண்ணான என்னைக் கட்டிக்கொண்டதோடு மாமியார் அவரைத் தலைமுழுகிவிட்டார். என் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? அங்கேயும் அதே கதைதான்.

மாமியார் இறந்துவிட்டார் என்று ஒருநாள் விடியற்காலையில் போன் வந்தது. அவர்கள் வழக்கத்தில் உடலைப் போட்டுவைக்க மாட்டார்கள். இவர் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். அம்மாவின் மேல் மண் விழுவதைக் கடலூர் செம்மண்டலத்து வாடகை வீட்டில் உட்கார்ந்து, போனில் பார்த்தார் என் கணவர். சட்டையை நெஞ்சுக்கு நேரே கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஏழு நாள் அப்படித்தான் உட்கார வேண்டுமாம்.

அடக்கம் முடிந்து சாப்பிடும் முதல் சாப்பாடு சொந்த வீட்டுச் சாப்பாடாக இருக்கக் கூடாது. பிறத்தியார்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பறிகொடுத்தவன் தனக்கென்று உலை வைக்க மாட்டான், பட்டினி கிடந்தே போய்விடுவான், அவனைச் சாப்பிடவைப்பது மற்றவர்கள் பொறுப்பு என்று வைத்திருக்கிறார்கள். பருப்பும் அவித்த முட்டையும் கொடுப்பார்களாம். நல்ல ஏற்பாடுதான், நாலு பேர் இருக்கிறவர்களுக்கு. எங்களுக்கு யார் இருந்தார்கள்?

அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரை போட்டதோடு சரி, பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. மத்தியானம் கை நடுங்க ஆரம்பித்தது, நெற்றியெல்லாம் வியர்வை. சோற்றைப் பிசைந்து எடுத்துப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் இடத்தை விட்டு அசையவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் எந்த மதச் சட்டத்தையும் மீறலாம் என்று இதே மனுஷன்தான் எனக்கு எத்தனையோ முறை பாடம் எடுத்திருக்கிறார். அதைச் சொல்லிக் கத்தினேன், கெஞ்சினேன்.

“இந்த ஊர்ல எனக்கு ஒருவாய் சோறு குடுக்க ஆளில்லன்னா, நான் எதுக்கு சாப்பிடணும்?” என்றார்.

அவர் சட்டத்துக்காகப் பட்டினி கிடக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

போனில் ஆர்டர் போட்டு ஓட்டல் சாப்பாடு வரவழைத்தேன். நாமே வாங்கினது நம்ம சோறுதானே என்று ஒதுக்கிவிட்டார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பாவம், அந்த அம்மாளுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. பத்திரிகை அடித்துவிட்ட வீட்டிலிருந்து சாவு வீட்டுக்கு எப்படி வருவது, தப்பாக நினைக்காதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து அவர் உதட்டில் சர்க்கரையைத் தடவினேன். துப்பவில்லை, அதுவே பெரிய விஷயம்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, சிதம்பரத்தில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். நான் ஓடிவந்ததால் அவனுக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அதிலிருந்து என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. போனை எடுத்தான். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“சாவு வூட்டுக்கு முட்டையா? கேட்டா சிரிக்கப் போறாங்க,” என்று வைத்துவிட்டான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துச் சுவரில் சாய்ந்தேன். அவர் தலை தொங்க ஆரம்பித்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையைத் தடவுவதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுமாக இருந்தேன். எவ்வளவு நேரம் ஆனதோ, வாசலில் பைக் சத்தம் கேட்டது. தம்பி கேரியரோடு உள்ளே வந்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

யூதர்களிடம் ஒரு முறை உண்டு. துக்கம் கேட்க வந்தவர் முதலில் வாயைத் திறக்கக் கூடாது, பறிகொடுத்தவர் பேசும்வரை கூடவே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். என் தம்பிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவன் கோபத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தான். இவரோ, நான் சொல்லிக்கொடுத்துத்தான் முறையாக உட்கார்ந்திருக்கிறான் என்று எண்ணிவிட்டார். மெல்லத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார்.

“எங்கம்மா கடைசி வரைக்கும் எங்கிட்ட பேசவே இல்ல,” என்றார் அவனிடம். “இன்னிக்கு கூப்பிடுவாங்க, நாளைக்கு கூப்பிடுவாங்கன்னு போனைப் பக்கத்துலயே வச்சிருந்தேன். இனிமே கூப்பிட மாட்டாங்க.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கேரியரைத் திறந்தான். பருப்பு சாதம். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தான், அதில் அவித்த முட்டைகள். எங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் வழியில் ஏதோ கடையில் வாங்கியிருக்க வேண்டும். அவன் உரிக்க உரிக்க ஓடு வெள்ளைக்கருவோடு பிய்ந்து வந்தது. எப்படியோ உரித்து, அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான்.

“சாப்புடுங்க மாமா,” என்றான்.

அவரை அவன் மாமா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அவர் கடித்தார், மென்றார், விழுங்கினார். இன்னொரு தட்டில் சோற்றைப் போட்டு, முகத்தைப் பார்க்காமலே என் பக்கம் தள்ளினான் தம்பி. காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது எனக்கு. எங்கள் ஊர்ப் பெண்கள் அழுகிறபடி மாரில் அடித்துக்கொண்டு, கண்ணால் பார்த்திராத அந்த மனுஷிக்காக அழுதேன்.

“ஒரு வார்த்த பேசாம போயிட்டீங்களே அத்தே.”