பெருவிரலுக்கு அடியில் இருந்த எண்

அண்ணி பட்டியல் படிக்கும்போது இடதுகைப் பெருவிரலைக் கடைசி வரியின் மேல் வைத்துக்கொள்வாள். ஆறு வருடங்கள் அப்படித்தான் பார்த்தேன். தாள் காற்றில் பறக்காமல் இருக்கத்தான் என்று முதலில் நினைத்தேன். எங்கள் கொட்டகைக்குள் கடற்காற்று நேராக வரும். ஆனால் ஜன்னல்களைச் சாத்திவைத்த நாட்களிலும் அந்த விரல் அங்கேயேதான் இருந்தது.

கடல் ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம் எங்கள் கொட்டகை. கடலின் அடியில் பன்னிரண்டு பெட்டிகள் நங்கூரம் கட்டி நிற்கின்றன. பெட்டிகளுக்கு ஒரே வேலை, கேட்பது. ஆமைகளுக்கும் பெரிய மீன்களுக்கும் விரல் நீளத்தில் ஒரு டேக் பொருத்தி விடுவார்கள். அது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, நம் காதுக்கு எட்டாத சத்தத்தில் தன் எண்ணைச் சொல்லும். பக்கத்தில் இருக்கும் பெட்டி அதைக் கேட்டு நேரத்தோடு பதிந்துகொள்ளும். எந்த உயிர் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால்தான் எங்கே வலை போடக் கூடாது என்று கோடு கிழிக்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டிகள் கரைக்கு வரும். அவற்றில் ஒட்டி வளர்ந்திருக்கும் கொட்டலசுச் சிப்பிகளை நான் சுரண்டுவேன். கண்ணாடிச் சில்லு போல வெட்டும். பெட்டி கேட்டதையெல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கி, தாளில் எடுத்து, சரிபார்த்து ஃபைலில் வைப்பது அண்ணியின் பொறுப்பு.

அண்ணனும் இங்கேதான் இருந்தான். பெட்டிகளைக் கீழே கொண்டுபோய்க் கட்டும் டைவர். ஒவ்வொரு பெட்டிக்கும் எவ்வளவு தூரம் காது கேட்கிறது என்று சோதிக்க, ஒரு சோதனை டேக்கைத் தன் ரப்பர் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு சுற்றி நீந்துவான். "டாக்டரம்மாவுக்கு ஆமை கிடைக்கலைன்னா என்னையே கடல்ல விட்டுட்டு எண்ணிக்கிட்டிருப்பாங்க" என்பான். டாக்டரம்மா என்றால் நிலையத்தின் தலைமை விஞ்ஞானி.

ஒரு நாள் நடுப்பகலில் ஏழாம் பெட்டியைச் சோதிக்க இறங்கினான். மேலே வரவில்லை. நான்கு நாள் தேடினார்கள். ஒரு செருப்புகூட ஒதுங்கவில்லை.

உடல் கிடைக்காததால் அவன் இறந்தவன் ஆகவில்லை, காணாமல் போனவன் ஆனான். ஏழு வருடம் முடிந்ததும் மனைவி ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் இறந்ததாக எழுதிக்கொள்வோம் என்று அலுவலகத்தில் சொல்லி, தாளை அப்போதே கொடுத்துவிட்டார்கள். அண்ணி அதை வீட்டு அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

போன வருடம் ஒரு பெட்டியைத் தூக்கும்போது கொட்டலசு அண்ணியின் பெருவிரலை ஆழமாக வெட்டிவிட்டது. தையல் போட்டு, கட்டுப் போட்டார்கள். அன்று பட்டியலை நான் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"கடைசி வரியை விடு. அது வேண்டாம்" என்றாள்.

அதற்குள் பார்த்துவிட்டேன். பூஜ்யம் பூஜ்யம் நான்கு. கொட்டகையில் எல்லோருக்கும் மனப்பாடமான எண் அது. அண்ணன் இடுப்பில் இருந்த டேக்.

"அண்ணி, இது..."

"படிச்சிட்டியா?"

நான் தலையாட்டினேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, அலமாரியிலிருந்து பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். எல்லாவற்றிலும் கடைசி வரியில் அதே எண். மற்றவர்கள் கண்ணில் படாததற்குக் காரணம் ஒரு மறதி. சோதனை டேக்கின் எண் வந்தால் கணக்கில் சேர்க்காதே என்று ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். அண்ணன் போனபின் வேறு எண்ணில் புது டேக் வாங்கினார்கள். பழைய எண்ணைத் தள்ளும் உத்தரவை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எதையும் தள்ளாத பட்டியல் அண்ணி கையில் இருக்கும் தாள் மட்டும்தான்.

"அவர் போன அன்னிக்கு ஏழாம் பெட்டி பன்னிரண்டு தடவை கேட்டிருக்கு" என்றாள். "அப்புறம் பத்தொன்பது நாள் எந்தப் பெட்டியிலயும் இல்ல. இருபதாவது நாள் பன்னிரண்டாம் பெட்டி. வெளிக்கடல்ல தீவுங்க இருக்கிற பக்கத்துலேர்ந்து. அப்புறம் பதினொண்ணு, பத்து, ஒன்பது. முதல் தடவை பார்த்தப்ப நீந்தி வர்றாருன்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்பவும் பன்னிரண்டுக்கிட்ட அடிக்கடி கேக்குது. வருஷத்துக்கு ஒரு தடவை அங்கேர்ந்து ஏழு வரைக்கும் வருது. ஏழுக்கிட்ட ஒரு வாரம் நிக்குது. திரும்பிப் போகுது. நான் எதையும் நெனைக்கிறதில்ல. இதை வெளியில சொன்னா தேடிப் பிடிச்சு, அறுத்துப் பார்த்து, இவ்வளவுதான்மான்னு ஒரு தட்டுல வெச்சுக் காட்டுவாங்க. அன்னிக்கே அந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும். வேண்டாம்டி. யார்கிட்டயும் சொல்லாதே."

இங்கே எல்லோரும் என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள், நான் பேசுவதில்லை என்பதால். சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஈரப் பெட்டிகளைச் சுரண்டும்போது கை கூசியது. இது அண்ணனைக் கேட்ட காது என்று தோன்றும். கொட்டகையில் தனியாக இருந்தால் பெட்டிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா டீ குடிக்கக் கொட்டகைக்கு வந்தபோது ஒரு படம் காட்டினார். வேறு ஒரு கடலில் பிடித்த ஆமை. குட்டியாக இருக்கும்போது உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் வளையத்தோடு வளர்ந்து, ஓடு நடுவில் ஒடுங்கி நிலக்கடலை போல ஆகியிருந்தது.

"வலிக்குமா?" என்று கேட்டாள் அண்ணி.

"வளர வளர இறுக்கும்மா. உள்ள ஈரல், குடல், எல்லாம் ஒதுங்கிப் போயிடும். சாகாது, அதான் கொடுமை."

அண்ணி டீயைக் குடித்து முடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்பது போல, "மீனோ சுறாவோ ஒரு டேக்கை முழுங்கிட்டா எத்தனை நாள் வயித்துல இருக்கும்?" என்றாள்.

"சில நாள், மிஞ்சிப்போனா சில வாரம். வெளிய தள்ளிடும்."

"ஆறு வருஷம் நகர்ந்துக்கிட்டே இருந்தா?"

"அப்ப உள்ள இல்ல. ஏதோ ஒண்ணு மேல கட்டியிருக்கு." சொல்லி முடித்தபின்தான் டாக்டரம்மா நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார்.

அண்ணி அலமாரியைத் திறந்து ஃபைல்களை மேசையில் அடுக்கினாள். கடைசி வரிகளை அவளே விரலால் காட்டினாள்.

அது வரும் மாதம் தெரியும், ஏழாம் பெட்டியைத் தொடும் நேரமும் ஏறக்குறையத் தெரியும். காலை ஒன்பது மணிக்குப் படகு போனது. டாக்டரம்மா, இரண்டு டைவர்கள், படகு டிரைவர், அண்ணி, நான்.

"வாயாடியும் வந்தாச்சு. இனி கடலுக்குள்ள இருக்கிறவங்க பேச முடியாது" என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை.

கேட்கும் கருவி ஒன்றைக் கம்பில் கட்டித் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். ஒன்றே கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதன் சின்னத் திரையில் எண் வந்தது. பூஜ்யம் பூஜ்யம் நான்கு. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி, இன்னும் பலமாக. காற்றே இல்லாத வெயில், தண்ணீர் அடிவரை தெளிவு. எங்கள் படகின் நிழலும் அதைச் சுற்றி மணலும்தான் தெரிந்தன. மூன்றாவது முறை எண் வந்தபோது டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார், "நமக்கு நேர் கீழ."

அண்ணி விளிம்பில் குனிந்து அந்த நிழலுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதடு அசைந்தது. அண்ணனை வீட்டில் அவள் கூப்பிடும் விதத்தில், "என்னங்க" என்று ஒரு தடவை சொன்னாள்.

நிழலிலிருந்து ஆமைதான் மூச்சுவிட மேலே வந்தது. நடுவில் இறுகி, நிலக்கடலை வடிவத்தில்.

பிடித்துப் படகில் ஏற்றினார்கள். ஆமையின் முதுகோட்டைச் சுற்றி ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம். அதற்குள் அண்ணனின் ரப்பர் பெல்ட், பாசி மூடி. முதுகின்மேல் டேக். டாக்டரம்மா பக்கிளைத் தொடாமல் எதிர்ப்பக்கம் வெட்டி எடுத்தார். பெல்ட் வெளியே வந்ததும் ஆமை நீளமாக ஒரு மூச்சு விட்டது. மனிதர் பெருமூச்சு விடுவது போலவே இருந்தது.

அண்ணி பெல்ட்டை மடியில் வைத்துப் பாசியைத் துடைத்தாள். பெல்ட்டின் ஓட்டைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அவர் போடுறது மூணாவது ஓட்டை. பாருங்க, அது தேஞ்சிருக்கு" என்றாள். "இது எல்லா ஓட்டையும் தாண்டி மாட்டியிருக்கு."

பெல்ட்டில் ஒன்பது ஓட்டைகள். பக்கிளின் முள் பத்தாவதில் இருந்தது. அந்தப் பத்தாவது கடையில் போட்ட வட்ட ஓட்டை அல்ல. கத்திமுனையால் குத்தியது. ஒரு சின்ன ஆமைக்குக் கழன்றுவிடாத அளவுக்குப் பெல்ட்டைச் சுருக்க, யாரோ நிதானமாகக் குத்தி, மாட்டியிருக்கிறார்கள்.

"எங்கேயோ யாரோ பெல்ட்டைக் கண்டெடுத்து, விளையாட்டா..." என்று தொடங்கினார் டிரைவர்.

"பத்தொன்பது நாள் எந்தப் பெட்டிக்கும் கேக்கல. கரையில யார் இடுப்புல இருந்துச்சு?" என்றாள் அண்ணி.

டாக்டரம்மா பத்தாவது ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியலைம்மா. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன்" என்றார். ஓட்டில் புது டேக் ஒட்டி ஆமையை விட்டார்கள். அது கீழே போகாமல் படகை ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளிக்கடல் பக்கம் திரும்பியது.

அண்ணி மறைத்துவைத்திருந்த வரிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில், ஆமைகள் பத்தாம் பெட்டிக்கு அப்பால் ஒரு பள்ளத்தின் வழியாகப் போய்வருவது தெரிந்தது. அங்கேயும் இப்போது வலை போடக் கூடாது.

ஏழு வருடம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. விண்ணப்பம் புடவைகளுக்கு அடியிலேயே இருக்கிறது. அண்ணி கையெழுத்துப் போடவில்லை. பெல்ட் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது, பக்கிள் பத்தாவது ஓட்டையில் மாட்டியபடி. அண்ணி வாரத்துக்கு ஒரு நாள் வெளிக்கடல் தீவுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் படகில் போய், தீவு தீவாக விசாரித்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வருகிறாள்.