மைத்துளியில் தெரிந்த வளையம்

திருவண்ணாமலை தேரடித் தெருவில், மருந்துக்கடை மாடியிலிருந்த சின்ன லேபில் அருணாதேவி வேலை பார்த்தாள். தொண்ணூறுகளின் கடைசியில் அவளிடம் புதுவிதமாக ஒரு நோயின் சாம்பிள்கள் வரத் தொடங்கின. எய்ட்ஸால் உடம்பு தளர்ந்தவர்களின் மூளைச் சவ்வில் புகுந்துவிடும் பூஞ்சை அது. பெரிய கருவி இல்லாமலே அதைக் கண்டுபிடிக்கலாம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரில், படம் வரைகிற கறுப்பு மையை ஒரு சொட்டு கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். பூஞ்சை இருந்தால், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல் வெளிச்ச வளையத்தோடு தெரியும்.

அவள் தம்பி கலையரசன் லாரி டிரைவர். ரொம்ப நாளாகத் தலைவலி என்றான். கண் பார்வைக் கோளாறு என்று யாரோ சொல்ல, கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டான். வாந்தியும் சேர்ந்துகொண்ட பிறகுதான் டாக்டர் சக்கரபாணியின் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் லேபுக்கு வந்த குப்பியில் அவன் பெயர் இருந்தது.

மை கலந்து பார்த்தாள். வளையங்கள் தெரிந்தன. மையில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து, கடைக்கு ஓடிப்போய்ப் புது மைப்புட்டி வாங்கி வந்தாள். வெறும் மையை மட்டும் வைத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. தம்பியின் நீரைச் சேர்த்ததும் வளையங்கள் திரும்பவும் தெரிந்தன.

முடிவை எழுதிய சீட்டை டாக்டரிடம் கொடுத்து, அது தன் தம்பி என்றாள்.

"உன் தம்பின்னு தெரிஞ்சிருந்தா வேற ஆளைப் பாக்கச் சொல்லியிருப்பேம்மா," என்றார் அவர்.

"யார் பாத்தாலும் அதே தான சார்."

மருந்து சென்னையிலிருந்து வந்தது. பாட்டில் ஏறும்போதெல்லாம் கலையரசனுக்குக் குளிர் தூக்கிப்போட்டது. நடுவில் இரண்டு நாள் தெளிந்து, மனைவியிடம் இட்லி கேட்டுச் சாப்பிட்டான்.

"அக்கா, ஆதிலட்சுமிய விட்டுடாத," என்றான்.

அதன் பிறகு பார்வை போனது. நினைவும் போனது. சொந்த ஊரான கீழ்பென்னாத்தூரில், மழைச் சேறு காயாத மண்ணில் அவனைப் புதைத்தார்கள்.

அவன் மனைவி ஆதிலட்சுமியின் ரத்தத்திலும் எய்ட்ஸ் கிருமி இருந்தது. உறவுக்காரர்கள் அவளுக்குத் தனித் தட்டு வைத்தார்கள். அருணாதேவி அவளை வேங்கிக்காலில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

ஆறு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் ஆதிலட்சுமி தலை வலிக்கிறது என்றாள். அருணாதேவி அன்றைக்கே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஆனால் ஆதிலட்சுமியின் முதுகிலிருந்து எடுத்த நீரைத் தானே பார்க்க அவளால் முடியவில்லை. கூட வேலை செய்த வெள்ளையம்மாள்தான் பார்த்தாள். அங்கங்கே ஒன்றிரண்டு வளையங்கள்தான் இருந்தன. நோய் முற்றுவதற்குள் பூஞ்சைக்கான மருந்தை ஏற்றிவிட்டார்கள். அந்த வருஷங்களுக்குள் எய்ட்ஸ் கிருமிக்கான மாத்திரையையும் அரசாங்கமே கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஆதிலட்சுமி தேறி வந்தாள்.

வீடு திரும்பிய மறுநாள், கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, அவருக்கும் இப்படி மொதல்லயே பாத்திருந்தா?"

பொய் சொல்லிவிடலாமா என்று அருணாதேவி ஒரு கணம் யோசித்தாள்.

"பொழச்சிருப்பான்னுதான் தோணுது," என்றாள்.

ஆதிலட்சுமி தலையை ஆட்டிவிட்டுக் கஞ்சியைக் கீழே வைத்தாள். அருணாதேவி அதை எடுத்துத் தானே ஆற்றத் தொடங்கினாள்.