முதலாளி வீட்டு அளவுக்குச்சி

அந்த இணையப் பக்கத்தை ஒரு மனிதரைத் தலைகுனிய வைப்பதற்காகவே எழுதினேன். வியாபாரம் வளர வேண்டும், வாங்குகிறவர்களுக்கு வசதியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் பிறகு கேட்டவர்களிடம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் முதல் வரியைத் தட்டும்போது என் கண்முன் இருந்தது சிரம்பானில் மேசை நாற்காலி விற்கும் தளவாடக் கடை வைத்திருக்கும் ஒருவரின் முகம் மட்டும்தான்.

அப்பா தச்சர். லாபுவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, முன்பு ரப்பர் ஷீட் காயவைத்த கொட்டகையில் எங்கள் பட்டறை இருக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாம் செய்வார். ஆனால் அவரைத் தேடி வருகிறவர்கள் சாமி மேடைக்காகத்தான் வருவார்கள். தாமான் என்கிற குடியிருப்புகளின் வரிசை வீடுகளில் பூசையறை என்று தனியாக எதுவும் இருக்காது. ஹாலில் ஒரு சுவரைப் பார்த்து மேடையை நிறுத்தி, படங்களை வைத்து விளக்கேற்றுவார்கள். அந்த மேடையைத்தான் அப்பா செய்வார்.

மேடைக்கு அளவெடுக்க அவர் டேப் கொண்டுபோவதில்லை. ரப்பர் மரத்தில் சீவிய ஒரு நீளக் குச்சியோடு போவார். அந்த வீட்டில் தினமும் விளக்கேற்றுகிற பெண் யாரென்று கேட்பார். அவரைச் சுவருக்கு எதிரே நிற்கவைத்து, விளக்கேற்றுவதுபோல் கையை நீட்டச் சொல்வார். கை நிற்கும் இடத்தில் ஒரு கோடு, கண்ணுக்கு நேரே ஒரு கோடு, மணியை எட்டிப் பிடிக்கும் இடத்தில் ஒரு கோடு. எண்ணெய் முழங்கை வழியே வழியக் கூடாது, எக்கி நின்று திரியைத் தூண்டக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு. அப்பா இரண்டாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவர். குச்சியின் தலைப்பில் பேர் எழுதத் தெரியாது. அதனால் அந்த வீட்டில் கண்ணில் பட்ட ஒன்றைப் பென்சிலால் வரைந்துவைப்பார். பூனை, தண்ணீர்த் தொட்டி, சங்கிலி போட்டுப் பூட்டிய மோட்டார் சைக்கிள். மேடை போய்ச் சேர்ந்த பிறகும் குச்சியைத் தூக்கிப்போட மாட்டார். கட்டுக்கட்டாகக் கட்டி மோட்டுவளையில் செருகிவைப்பார்.

பதினோரு வருடம் அந்தச் சிரம்பான் கடைக்குத்தான் மேடை செய்து கொடுத்தார். வீடுகளுக்குப் போய் அளவெடுத்ததும் அப்பாதான், செய்ததும் அப்பாதான். லாரியிலிருந்து இறக்கியதும் கடைக்காரர் தன் கடைப் பேர் போட்ட பித்தளைத் தகடு ஒன்றை அடித்துவிடுவார். அவரை நாங்கள் முதலாளி என்போம். என் பதினான்காவது வயதில் அவருடைய சொந்த வீட்டுக்கே அப்பா ஒரு மேடை செய்தார். இறக்கிவைக்க நானும் லாரியில் போனேன். வாசற்படியில் செருப்பைக் கழற்றுவது எல்லோரும் செய்வது. அவர் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில் கழற்றச் சொன்னார். மத்தியான வெயிலில் அந்த நீண்ட சிமெண்டுத் தரையில் அப்பா வெறுங்காலோடு, தலையில் மேடையின் மேல்பாகத்தைச் சுமந்தபடி, பின்பக்கச் சமையலறை வழியாகப் போனார். கடைக்காரரின் கார் அதே சிமெண்டில் சேற்று டயரோடு நின்றிருந்தது. முதலாளி என்னைப் பார்த்து, நன்றாகப் படி, இல்லாவிட்டால் அப்பாவைப்போல் மரத்தூள் தின்ன வேண்டியதுதான் என்றார். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நன்றாகத்தான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. டிப்ளோமா முடித்ததும் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் வேலையாக அப்பாவை அந்தக் கடையிலிருந்து பிரித்தேன். இனி நேராக விற்கலாம் என்று சொல்லி, பட்டறைக்கு ஓர் இணையதளம் செய்தேன்.

அந்த முதல் தளத்தை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. முழுவதும் ஆங்கிலம், அதுவும் பெரிய பெரிய வார்த்தைகள். முன்பே எடுத்துவைத்திருந்த மேடைப் படங்களில் அப்பாவின் கை எங்காவது தெரிந்தால் வெட்டினேன். கொட்டகையின் தகரச் சுவரை அழித்து வெள்ளைப் பின்னணி வைத்தேன். தச்சர் யார், பட்டறை எங்கே என்று ஒரு வரி கிடையாது. யாரோ பெரிய கம்பெனி என்று நினைக்கட்டும் என்று நினைத்தேன். படமெடுக்க இடம் சுத்தமாக இருக்க வேண்டுமென்று மோட்டுவளையிலிருந்த குச்சிக் கட்டுகளில் பாதியை இறக்கினேன். எழுதத் தெரியாதவர் வைத்திருக்கும் அடையாளம் என்று எனக்கு அவற்றைப் பார்த்தாலே சங்கடம். அந்தப் பொங்கலுக்குப் பட்டறை வாசலில் பானை வைத்தபோது அவற்றைத்தான் அடுப்பில் வைத்தேன். அப்பா தடுக்கவில்லை. படித்த பிள்ளை செய்தால் காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார். நல்ல காய்ந்த மரம், சடசடவென்று எரிந்தது.

அடுத்த வருடம் போர்டிக்சனிலிருந்து ஓர் ஆசிரியை மேடை வேண்டுமென்று அழைத்தார். அப்பா போய் அளவெடுத்து வந்தார். குச்சியில் கோழி வரைந்திருந்தார். மரம் அறுத்து முடித்த வாரம் அந்த அம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டார். தயங்கித் தயங்கித்தான் காரணத்தைச் சொன்னார். சிரம்பான் கடையின் இணையதளத்தில் அச்சு அசலாக அதே மேடைகள் இருக்கின்றனவாம். போய்க் கேட்டதற்கு, லாபுவில் ஒரு தோட்டத்து ஆள் எங்கள் வேலையைப் பார்த்துக் காப்பி அடிக்கிறான், மலிவு மரம், ஏமாறாதீர்கள் என்றாராம் கடைக்காரர்.

திறந்து பார்த்தேன். ஏழு படங்கள். எல்லாம் நான் எடுத்தவை, நான் வெள்ளையடித்தவை. அப்பாவின் கையை நான் வெட்டிக் கொடுத்திருந்ததால் கடைக்காரருக்கு வேலை மிச்சம்.

அழைத்தேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் என்னை எரித்தது.

“படத்துல எங்கயாச்சும் உங்க பேரு இருக்கா தங்கச்சி? இல்லல்ல. எங்க அய்யா காலத்துல இருந்து கடை நடத்துறோம். உங்கப்பாதான் செஞ்சாருன்னா எழுதிக் காட்டச் சொல்லு லா. மொதல்ல அவருக்கு எழுதத் தெரியுமா?”

வைத்துவிட்டார்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் இழைப்புளியை நிறுத்தவில்லை. போகட்டும் விடு என்றார். ஆனால் அடுத்த சில வாரங்களில் வந்தவர்கள் எல்லோரும் மேடையைத் தட்டிப் பார்த்தார்கள், கதவைத் திருப்பிப் பார்த்தார்கள், இது உங்கள் டிசைன்தானா என்று கேட்டார்கள். முப்பது வருடம் மரத்தோடு கிடந்த மனிதர், தன் சொந்த வேலைக்குத் தன் கொட்டகையிலேயே சாட்சி சொல்லிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். அந்த மேடைகள் யார் செய்தவை என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அந்தக் கடை வாசலிலேயே தெரிய வேண்டும்.

பழைய தளத்தை முழுவதும் அழித்தேன். தொழிற்சாலை விட்டு வந்ததும் பட்டறையிலேயே உட்கார்ந்து வேலை செய்தேன். லாபுவில் லைன் சரியாகக் கிடைக்காது. பழைய பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். படங்களையெல்லாம் கைப்பேசியில் சட்டென்று திறக்கும்படி சிறிதாக்கினேன். தமிழில் எழுதினேன், பிறகு மலாயில், கடைசியில்தான் ஆங்கிலத்தில். வார்த்தைகளை நான் யோசிக்கவில்லை. ஒரு மாதம் அப்பாவின் போனை ஸ்பீக்கரில் போட்டு, ஆட்கள் கேட்பதை அப்படியே குறித்துக்கொண்டேன். விளக்குப் புகை மேலே கறுத்துப்போகுமா, ஃபிளாட்டில் ஆணி அடிக்காமல் நிறுத்த முடியுமா, வீடு மாறினால் பிரித்துப் பூட்ட முடியுமா. அப்பா சொன்ன பதில்களை அவர் சொன்னபடியே போட்டேன். சிரம்பானில் சாமி மேடை என்று தேடுகிறவர்கள் முதலாளி கடைக்கு முன்னால் எங்கள் வாசலில் நிற்க வேண்டும். அதற்காக வெவ்வேறு ஊரில் இருக்கும் தோழிகளின் போன்களில் வாரம் ஒருமுறை தேடிப் பார்க்கச் சொன்னேன். தேடலில் நாலாம் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்கு வந்தோம். ஒரு புதன்கிழமை அவருக்கு மேலே வந்தோம். அன்று மதியம் கேண்டீனில் இரண்டு தட்டு நாசி லெமாக் சாப்பிட்டேன்.

ஆனால் கத்தி அது இல்லை. குச்சிகள்தான் கத்தி.

ஏழு படத்திலிருந்த மேடைகளுக்கும் குச்சி தேடினேன். மூன்று கிடைத்தன. நாலை நானே பொங்கலுக்கு எரித்திருந்தேன். அந்த மனிதர்கூடச் செய்யாததை நான் செய்திருந்தேன். அன்று அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு குச்சியையும் அப்பாவின் கை பிடித்திருக்கும்படியே படமெடுத்தேன். தகரச் சுவரும் தெரிந்தது, வெட்டவில்லை. கிடைத்த மூன்று குச்சிகளையும் அந்தந்த மேடைப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன், கோட்டுக்குக் கோடு பொருந்தும்படி. கீழே இப்படி எழுதினேன்: எங்கே வாங்கியிருந்தாலும் சரி, எந்தப் பேர் அடித்திருந்தாலும் சரி, உங்கள் வீட்டுப் பெண்ணைச் சுவருக்கு எதிரே நிற்கவைத்து ஒருவர் குச்சி பிடித்தாரா? அப்படியானால் உங்கள் மேடையைச் செய்தவர் என் அப்பா. அவர் உங்கள் வீட்டுக்கு என்ன வரைந்தார் என்று வந்து பாருங்கள். நினைவில்லாதவர்கள், வாங்கிய கடையிலேயே உங்கள் குச்சியைக் கேளுங்கள்.

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி படித்துச் சந்தோஷப்பட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். தீபாவளிக்கு வீடு துடைக்கிற காலம், எல்லோர் கையும் மேடைமேல் இருந்தது. ஆமாம், அந்த அண்ணன்தான் வந்தார், என் மாமியாரை நிற்கவைத்தார் என்று வாட்சாப்பில் எழுதினார்கள். பித்தளைத் தகட்டைக் கழற்றிப் படம் அனுப்பினார் ஒருவர். சிலருடைய குச்சி சாம்பலாகியிருந்தது. அவர்களிடம் என் தவறு என்று ஒப்புக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதிதாக அளவெடுத்து வந்தேன்.

போர்டிக்சன் ஆசிரியையும் எழுதினார். அவர் சிரம்பான் கடையிலேயே ஒரு ரெடிமேட் மேடை வாங்கியிருந்தார். அது அவருக்கு உயரம். எண்ணெய் தினமும் முழங்கை வழியே இறங்குகிறதாம். இரக்கப்பட வேண்டிய செய்திதான். எனக்கு இனித்தது. அந்த அம்மாவே கடைக்குப் போய், அத்தனை பேர் முன்னால் என் குச்சி எங்கே என்று கேட்டிருக்கிறார். அளவெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார்களாம். காட்டுங்கள் என்றாராம். அவர் ஆசிரியை, விடமாட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் மேடை பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கேள்வி வாயில் வந்துவிட்டது.

தீபாவளிக்கு முந்திய வாரம் முதலாளி பட்டறைக்கு வந்தார். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட வராதவர். காரை வெளியே நிறுத்திவிட்டு, காலில் தோல் சப்பாத்தோடு மரத்தூளில் நின்றார். உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார் அப்பா. அவர் உட்காரவில்லை. ஏழு படங்களையும் எடுத்துவிடுகிறேன், பழையபடி வேலையும் தருகிறேன், குச்சிப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். என்னிடம் இல்லை, அப்பாவிடம். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பதினான்கு வயதிலிருந்து சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் நாக்கில் வந்து நின்றன.

அப்பா முந்திக்கொண்டார்.

“வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா மொதலாளி?”

“இருக்காங்க.”

“வெளக்கு ஏத்துறப்ப கை எட்டுதா?”

“எட்டுது, எட்டுது. அதுக்கென்ன இப்ப?”

அப்பா ரம்ப மெஷினுக்கு மேலே, கட்டுகள் இல்லாத இடத்தில் கைவிட்டு ஒரு தனிக் குச்சியை எடுத்தார். நான் சுத்தம் செய்த நாளில் என் கண்ணில் படாதது. கைலி முனையால் தூசி துடைத்து அவரிடம் நீட்டினார். மூன்று கோடுகள். தலைப்பில் கம்பி கம்பியாக ஒரு கேட்டு, அதற்கு வெளியே சின்னதாக இரண்டு செருப்பு.

“இது என்னா?” என்றார் முதலாளி.

“ஒங்க வீடுதான் மொதலாளி.”

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தாரோ தரையைப் பார்த்தாரோ, எனக்குத் தெரியவில்லை. குச்சியை அவரிடமிருந்து அப்பாவே வாங்கிக்கொண்டார். முதலாளி திரும்பிப் போய்க் காரை எடுத்தார்.

நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சிரித்த மனிதர். போகட்டும் விடு என்ற மனிதர். இத்தனை வருடமும் அதைத் தலைக்கு மேலே, தினமும் மரம் அறுக்கும் இடத்திலேயே வைத்திருந்திருக்கிறார். கோபம் எனக்குப் படிப்பால் வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“பாப்பா, இதையும் ஒரு படம் புடி” என்றார். “எல்லாத்துக்கும் மேல போடு. பெருசா போடு.”

போட்டேன். பேர் எதுவும் எழுதவில்லை, சிரம்பான் என்று மட்டும் எழுதினேன். ஏழு படங்கள் அவர் தளத்திலிருந்து இரண்டு நாளில் காணாமல் போயின. எங்களுடையது அப்படியே இருக்கிறது. லாபுவிலோ சிரம்பானிலோ சாமி மேடை தேடி எங்கள் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்கு முதலில் தெரிவது மேடை இல்லை. அப்பாவின் கைவிரல்கள், ஒரு கேட்டு, வெளியே இரண்டு செருப்பு.