வெளியே உட்கார்ந்திருந்த கை

டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. என் கணவர் ஏழுமலையின் இடது கையிலிருந்து ஒரு பொருள் தானாக நழுவி நான் பார்த்ததே இல்லை.

ஆம்பூர்ப் பக்கத்துக் கபடி ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கையை நன்றாகத் தெரியும். இடது கார்னரில் நின்றுகொண்டு, பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை கிடைத்ததும் அந்தப் பிடியால்தான். முட்டி தேய்ந்து ஆட்டத்தை விட்டபின், எங்கள் தெருப் பையன்களுக்குக் கோச் ஆனார். "வாயால சொன்னா எவனுக்கும் ஏறாது, புடிச்சிக் காட்டணும்" என்பார். தினம் சாயங்காலம் பையன்களின் காலைப் பிடித்துப் பிடித்துத்தான் கற்றுக்கொடுத்தார். வீட்டில் ஒரு தேங்காயைப் பிடித்து உடைக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

"கை மரத்துப்போச்சி, எண்ண தேச்சி உட்டா சரியாய்டும்" என்றார். சொல்லும்போதே வாய் ஒரு பக்கம் இழுத்தது. எழுந்தார், இடது கால் மடங்கியது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வேலூருக்குப் பறந்தோம். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்வது இது ஒன்றுதான். வாய் கோணினால், கை விழுந்தால், எண்ணெய் தேடாதீர்கள். வண்டி தேடுங்கள்.

பக்கவாதம் என்றார் டாக்டர் (மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல், உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது). அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மாத்திரையைப் போடு போடு என்று கத்தியபோதெல்லாம், "எனக்கின்னா பிரஷரு?" என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டிய மனுஷன் அவர்.

பிழைத்துக்கொண்டார் என்று சொன்னபிறகுதான் அழுதேன். இவர் கண் விழித்துக் குழறலாகக் கேட்ட முதல் கேள்வி என்னைப் பற்றியது அல்ல.

"கை வருமா டாக்டர்? கை இல்லன்னா நான் கோச் இல்ல."

"பாக்கலாம். கால் மொதல்ல வரும். கை லேட்டாகும். சிலருக்கு முழுசா வர்றதில்ல" என்றார் டாக்டர். உள்ளதைச் சொன்னார், மென்மையாகவும் சொன்னார்.

பிசியோதெரபி (உடற்பயிற்சி மூலம் தசைகளை மீட்கும் சிகிச்சை) தொடங்கியது. பயிற்சி கொடுத்த மேடம் இடது காலைத் தூக்கச் சொன்னார். இவர் தூக்கவில்லை. தூக்க முடியாமல் இல்லை, கொஞ்சம் அசைந்ததை நானே பார்த்தேன். வேண்டுமென்றே அப்படியே கிடந்தார்.

"மேடம், கைதான் மொதல்ல அவுட் ஆச்சு. கால் அப்புறம்தான். கை வராம கால் எப்டி உள்ள வரும்?"

அந்த மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கபடியில் முதலில் அவுட் ஆனவன்தான் முதலில் திரும்பி வரவேண்டும். வெளியே உட்காருவதற்கு ஒரு வரிசை உண்டு, அதை யாரும் தாண்டக் கூடாது. இவர் தன் உடம்புக்கும் அதையே சட்டமாக்கிவிட்டார். கால் முந்திக்கொண்டால் கையின் இடம் போய்விடும் என்று பயந்தார். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தவளுக்குச் சிரிக்க வராது.

நாள் போய்க்கொண்டே இருந்தது, கால் மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், அவுட் ஆனவன் சும்மா உள்ள வந்துடுவானா? உள்ள இருக்கிறவன் ஆடி பாயிண்ட் எடுத்தாத்தானே வெளிய குந்திகினு இருக்கிறவன் வர முடியும்? வரத் தெரிஞ்ச காலையும் படுக்கப் போட்டு வச்சா, கைக்கு யாரு பாயிண்ட் எடுப்பா?"

என்னை முறைத்தார். "உனுக்குத்தான் கபடின்னாலே ஆகாதே. ரூலெல்லாம் எப்டி தெரியும்?"

"ஒவ்வொரு மேட்ச்சுக்கும் வந்து பின்னாடி நின்னேன். நீ எங்க பாத்த?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு இடது காலைத் தூக்கினார்.

கோலூன்றி நடக்க வந்ததும் மைதானத்துக்குத்தான் போகவேண்டும் என்றார். களத்தில் இறங்குமுன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். இவரால் குனிய முடியவில்லை. குழுவின் கேப்டன் தௌசிப் ஒரு பிடி மண்ணை அள்ளி, செத்ததுபோல் கிடந்த அந்த இடது உள்ளங்கையில் வைத்தான். விரல்கள் மெதுவாக மூடின.

"கோச், கை புடிக்குது!" என்று அவன் கத்திய கத்தலில் எல்லாரும் ஓடிவந்தார்கள்.

ஆனால் மூடிய கை திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். மண் வியர்வையில் ஈரமாகியிருந்தது.

ஸ்பாஸ்டிசிட்டி என்றார் மேடம் (தசை நம் சொல் கேட்காமல் தானாக இறுகிக்கொள்வது). பிடிப்பு முதலில் வரும், விடுவது பிறகுதானாம். "இழுத்துப் பிரிக்காதீங்க. மணிக்கட்டை லேசா உள்பக்கமா மடக்கி, தடவிக் குடுத்துக் காத்திருங்க" என்றார். யாரும் தப்பிக்க முடியாத பிடி என்று பேர் வாங்கியவருக்கு, கடைசியில் தானே தப்பிக்க முடியாத பிடி வாய்த்தது. ஒரு பையனின் காலைப் பிடித்து விடமுடியாமல் போனால் என்ன செய்வது என்று மைதானத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

காத்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. நான் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவள். டார்கெட் முடிக்காமல் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்ததில்லை. அப்படிப்பட்டவள் தினம் காலையில் வேலைக்குப் போகுமுன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை அவர் கைக்குள் கொடுத்துவிட்டு, அது இளகும்வரை சும்மா இருந்தேன். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் சும்மா உட்கார்ந்ததே கல்யாணமான நாளிலிருந்து இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் எனக்குப் பிடித்துப்போயிற்று. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்காகவே சீக்கிரம் எழுந்தேன்.

அன்றும் அப்படித்தான். மணிக்கட்டை மடக்கித் தடவிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்திருந்தேன். கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"போ, வண்டி வந்துட்ச்சி" என்றார்.

"நீ விட்டாத்தானய்யா போவேன்."

"நான் எப்பவோ உட்டுட்டேன். நீதான்மே புடிச்சிகினு கீற."

குனிந்து பார்த்தேன். அவர் விரல்கள் ஐந்தும் விரிந்து என் மடியில் கிடந்தன. என் கைதான் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

வெளியே மறுபடியும் ஹாரன் அடித்தார்கள். அன்று அந்த வண்டி நான் இல்லாமலே போனது.