லாரி டியூபில் வந்தவர்

சூரியநெல்லிக்குக் கீழே உள்ள அணை ஏரியில் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். கரையில் ஒவ்வொரு பாறையும் ஒருவருடையது. எனக்கும் ஒன்று உண்டு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்மணி தூண்டிலோடு வந்து எங்கே உட்கார்ந்தாலும், "இது ஆளு இருக்கிற எடம் மதினி" என்று யாராவது எழுப்பிவிடுவார்கள்.

ஒரு வாரம் அவர் காற்றடைத்த லாரி டியூபைத் தலையில் சுமந்து வந்தார். நடுவில் சாக்கைக் கட்டி, கால் நுழைய இரண்டு ஓட்டை போட்டிருந்தார். ஒல்லியான உடம்பு, ஐம்பது வயதிருக்கும். வெற்றிலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுத்தான் எதையும் பேசுவார்.

தண்ணீரில் இறங்கி, கரையைப் பார்த்தபடி உட்கார்ந்து காலை உதைத்தார். டியூப் முதுகுப் பக்கமாக நகர்ந்தது. கரையே சிரித்தது.

"என்ன மதினி, ரிவர்ஸ்ல போகுது?" என்றார் பக்கத்துப் பாறைக்காரர்.

அவர் வெற்றிலையை ஒதுக்கினார். "ஒங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டே போவோம்னுதான், கொழுந்தனாரே."

டியூபைப் பிடித்திருந்த விரல்கள் பயத்தில் இறுகியிருந்தன. முகம் மட்டும் எங்களை விட்டுத் திரும்பவில்லை. மதியம் இரண்டு சிலேபி மீனோடு கரையேறினார்.

அடுத்த ஞாயிறும் டியூபோடு வந்தார். பக்கத்துப் பாறைக்காரர் நகர்ந்து இடம் விட்டு, "இங்கன உக்காருங்க மதினி" என்றார்.

"நீங்களே உக்காருங்க. கரையில ஒரே கூட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீரில் இறங்கினார்.

அவர் அன்று அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.